ஆச்சிக்கும் ஐயாவுக்கும் கைப்பேசி வழி நினைவுப் பயிற்சி

பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட, காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் தனித்து வாழும் ஆச்சியின் மறதி கவலை தந்தால், செயலியைத் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதி, சிகிச்சையால் குறையக்கூடும்.

பிறகு, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, அறிவிப்புகளை நிறுத்தி, திறனுக்கேற்பக் கடினமாகும் விளம்பரமற்ற விளையாட்டொன்றை வாரத்தில் சில நாள், காலை வேளையில், அரை மணி நேரத்துக்கு மிகாமல் ஆடச் செய்யலாம்.

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,802 பேர் பங்கேற்ற ஆக்டிவ் என்னும் மூளைத்திறன் பயிற்சி ஆய்வில், எந்தத் திறனுக்குப் பயிற்சி தரப்பட்டதோ அந்தத் திறனே மேம்பட்டது. ஆகவே, அன்றாடம் தேவைப்படுவதையே பயிற்சியாக்குவது மேல் என்பது என் உறுதியான எண்ணம். பேரப்பிள்ளைகள், உறவினர்கள் ஆகியோரின் படங்களோடு, இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி உள்ளிட்ட நகரத்தார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களின் படங்களையும் தனித் தொகுப்பாகச் சேமித்து, ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயரைக் கேளுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த முறை கேட்பதற்கான இடைவெளியை நீட்டுங்கள், தவறினால் உடனே விடையைச் சொல்லி இடைவெளியைக் குறையுங்கள். "இதுகூடத் தெரியவில்லையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனம் நொந்தவர் மறுநாள் கைப்பேசியைத் தொடவே மாட்டார்.

மாத்திரை வேளைக்குப் பயிற்சியை நம்பாமல் அலாரம் வைத்துவிடுங்கள்.