மாலை மட்டும் கலரில்: கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை நிறுத்தும் முறை

நெல்லைப் பக்கம் கல்யாண ஆல்பம் போடுகிற எந்த ஸ்டுடியோவிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணாச்சி, மாலை மட்டும் கலர்ல இருக்கட்டும், மத்ததெல்லாம் பிளாக் அண்ட் ஒயிட்டா போட்டிருங்க." கேட்பதில் தப்பே இல்லை. நன்றாகச் செய்தால் ஆல்பம் புரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். ஆனால் கண்ணில் படுகிற பல படங்களில் மாலை வேறெங்கிருந்தோ வெட்டி ஒட்டியது போல நிற்கிறது. அது ஏன் அப்படி நிற்கிறது, எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். அதனால் உதாரணங்களும் இந்தச் சீமையைச் சேர்ந்தவைதான்.

நிறம் எப்போதும் பொருளின் ஓரத்தோடு நின்றுவிடுவதில்லை. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைமேல் ரோஜா மாலை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கலர்ப் படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மாலையை ஒட்டிய சட்டைத் துணியைப் பாருங்கள். வெள்ளையாக இருக்காது, லேசான ரோஸ் படர்ந்திருக்கும். மாலைமேல் பட்ட வெளிச்சம் சிவப்பை எடுத்துக்கொண்டு திரும்பிச் சட்டையில் விழுகிறது. மோவாய்க்கு அடியிலும் கொஞ்சம் ஏறும். மணப்பெண்ணின் அரக்குப் பட்டு, அவள் முன்கையின் உட்பக்கத்தில் தெரியும். பக்கத்தில் குத்துவிளக்கு இருந்தால் அதன் பித்தளைத் தண்டிலும் ஒரு கோடு சிவப்பு ஓடும். நாம் மாலையின் ஓரத்தோடு கலரைக் கச்சிதமாக நிறுத்தும்போது இந்தப் படர்வு முழுக்கப் போய்விடுகிறது. பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒட்டவில்லை என்று கண் கண்டுபிடித்துவிடும்.

இதை வைத்துத்தான் மற்ற எல்லா வேலையும்.

எடுக்கும்போது

சில கேமராக்களிலேயே இந்த வசதி உண்டு. நிக்கானின் சில மாடல்களில் எஃபெக்ட்ஸ் மோடில் 'செலக்டிவ் கலர்' என்று இருக்கும், சோனியிலும் ஃபியூஜியிலும் 'பார்ஷியல் கலர்'. விளையாட்டுக்கு எடுத்துப் பார்க்கலாம், கல்யாண வேலைக்கு வேண்டாம். அது ஜேபெக்கில் கலரை அழித்துவிட்டுத்தான் படத்தைத் தரும், அழிந்த கலரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதற்குப் பதில் ரா ஃபைலில் (கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள், பிக்சர் ஸ்டைலை மட்டும் மோனோக்ரோமுக்கு, அதாவது கறுப்பு வெள்ளைக்கு, மாற்றிவிடுங்கள். கேமராத் திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலுக்குள் கலர் முழுசாக இருக்கும். மிரர்லெஸ் கேமராவில் வியூஃபைண்டரிலேயே சாம்பல் உலகமாகத் தெரிவதால், எந்த இடத்தில் வெளிச்சம் நிற்கிறது, எங்கே எல்லாம் ஒரே மந்தமாகக் கிடக்கிறது என்று அங்கேயே புரிந்துவிடும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

நம் ஊர் உச்சி வெயிலில் சிவப்பு வெளிறிப்போகும், நிழல் கன்னங்கரேலென்று விழும். ஆடிச் சாரல் நேரத்து மேகமூட்டம் இதற்குத் தோதான வெளிச்சம். குற்றாலம், பாபநாசம் பக்கம் போகிறவர்கள் அந்த மாதங்களில் எடுத்துப் பார்க்கட்டும். மண்டபத்துக்குள் என்றால் வாசல் பக்கத்து வெளிச்சம் போதும். வீடியோக்காரர்களின் ஃபோகஸ் லைட் நேராக மாலைமேல் அடித்தால் இதழ்களில் விவரம் போய்விடும், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலில் சாம்பல், அப்புறம்தான் கலர்

பலரும் எந்தக் கலரை நிறுத்துவது என்றே யோசிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் யோசிப்பேன். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் தானாக நிற்க வேண்டும். நிற்காத படத்தை ஒரு சிவப்புப் பொட்டு தூக்கி நிறுத்தாது.

போட்டோஷாப்பில் 'பிளாக் அண்ட் ஒயிட்' அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (அடியிலுள்ள படத்தைத் தொடாமல் மேலே போடுகிற திருத்தப் படலம்) ஒன்று போடுங்கள். இமேஜ் மெனுவில் மோடை கிரேஸ்கேல் என்று மாற்றிவிடாதீர்கள், அங்கே கலர் ஒழிந்துபோகும். இந்த லேயரில் ஆறு நிறங்களுக்கு ஆறு ஸ்லைடர் இருக்கும். திறந்தவுடன் சிவப்பு 40, மஞ்சள் 60, பச்சை 40, சயான் 60, நீலம் 20, மெஜந்தா 80 என்று நிற்கும். சிவப்பும் பச்சையும் ஒரே 40-இல் நிற்பதைக் கவனியுங்கள். வாழைத் தோப்புக்குள் சிவப்புச் சேலையில் ஒருவர் நிற்கிற படத்தைத் தாமிரபரணிக் கரையில் யாரும் எடுத்திருப்பார்கள். கலரில் பளிச்சென்று பிரிந்து நின்ற சேலையும் இலையும் கறுப்பு வெள்ளையில் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும். பச்சையைக் கூட்டினால் இலை வெளிச்சமாகும், சேலை கறுத்து முன்னால் வரும். வாழையிலையில் மஞ்சளும் கலந்திருப்பதால் மஞ்சள் ஸ்லைடரையும் சேர்த்து நகர்த்த வேண்டும்.

முகத்துக்குச் சிவப்பும் மஞ்சளும்தான். நம் தோல் அந்த இரண்டுக்கும் நடுவில் ஆரஞ்சு வரிசையில் உட்காருகிறது. முகத்தை வெளுப்பாக்கச் சிலர் சிவப்பை ஏற்றித் தள்ளுவார்கள், முகம் மாவு பூசியதாகிவிடும். மாநிறமும் கறுப்பும் கறுப்பு வெள்ளையில் வெகு அழகு. நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் வெளிச்சம் மின்ன, மற்றது ஆழமாக இருக்கட்டும். வெளுக்க வைக்கச் சொல்லிக் கேட்கிற வீட்டார்களிடமும் நான் இதைத்தான் காட்டிப் பேசுவேன். படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

மாஸ்க் போடுவது

பிளாக் அண்ட் ஒயிட் லேயரோடு ஒரு வெள்ளை மாஸ்க் (லேயர் எந்த இடத்தில் வேலை செய்ய வேண்டும் என்று காட்டுகிற மறைப்பு) தானாகவே வரும். அதில் கறுப்பு பிரஷால் தேய்த்த இடத்தில் அடியிலுள்ள கலர் தெரியும். தப்பாகத் தேய்த்துவிட்டால் வெள்ளை பிரஷால் திருப்பித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். எக்ஸ் கீ அடித்தால் கறுப்பும் வெள்ளையும் மாறும். ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் திரையில் வரும், விட்டுப்போன ஓட்டைகள் அப்போதுதான் தெரியும்.

செலக்ட் மெனுவில் 'கலர் ரேஞ்ச்' வைத்துச் சிவப்பைத் தொட்டு எடுத்துவிடலாமே என்று தோன்றும். தொடக்கத்துக்கு நல்லதுதான், ஆனால் அதையே நம்பக் கூடாது. சிவப்பைப் பிடிக்கச் சொன்னால் அது உதட்டையும் காது மடலையும் மருதாணி வைத்த உள்ளங்கையையும் கண்ணோரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். முகத்தில் திட்டுத்திட்டாக ரோஸ் ஏறிய படங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. கலர் ரேஞ்சில் எடுத்த இடத்தை மாஸ்க்கில் கறுப்பாக்கிய பிறகு முகம், கை எல்லாவற்றையும் வெள்ளை பிரஷால் மூடிவிட்டு, அப்புறம் மாலைக்கு வாருங்கள்.

பிரஷின் ஓரம் எவ்வளவு மிருதுவாக இருக்க வேண்டும் என்பதற்குப் படமே பதில் சொல்லும். நெஞ்சுக்கு நேரே மாலை ஃபோகஸில் கூர்மையாக இருந்தால் ஹார்ட்னஸ் 80 பக்கம் வைக்கலாம். அதே மாலை தோள்பட்டையைத் தாண்டிப் பின்னால் போகும்போது மங்கலாகிறது, அங்கே பிரஷும் மிருதுவாக வேண்டும். ஒரே பிரஷில் முழு மாலையையும் சுற்றிவருவது அவசர வேலை.

லைட்ரூமில் செய்கிறவர்கள் கறுப்பு வெள்ளை டிரீட்மென்ட்டுக்குப் போகாமல், மாலையை மாஸ்க்கில் தேர்ந்தெடுத்து, அதை இன்வெர்ட் செய்து (தலைகீழாக்கி), சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) −100-க்குக் கொண்டுபோனால் போதும். காசு கொடுக்காமல் கம்ப்யூட்டரில் செய்ய ஜிம்ப் இருக்கிறது: லேயரை டூப்ளிகேட் செய்து, மேலே உள்ளதை டீசாச்சுரேட் செய்து, வெள்ளை மாஸ்க் சேர்த்து, கறுப்பால் தேய்ப்பது. போனில் ஸ்னாப்சீட். அதில் பிளாக் அண்ட் ஒயிட் போட்டபின் 'வியூ எடிட்ஸ்' போய், அந்த எடிட்டைத் தொட்டு பிரஷைத் திறந்தால் படம் கலருக்குத் திரும்பியிருக்கும். இன்வெர்ட் செய்து முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கி, மதிப்பை 0-வில் வைத்து வேண்டிய இடத்தை விரலால் தேய்க்கலாம். நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு தேய்த்தால் போனிலும் சுத்தமாக வரும்.

சிந்திய நிறம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மாலையின் மாஸ்க் முடிந்ததும் மிருதுவான பெரிய பிரஷ் ஒன்றை எடுங்கள். ஓப்பாசிட்டி, அதாவது பிரஷ் பூசுகிற அடர்த்தி, 10 அல்லது 15 சதவீதம். மாலையை ஒட்டிய சட்டைத் துணியில், ரோஸ் படர்ந்திருந்த இடத்தில் மட்டும், கறுப்பால் ஒரு தடவு. பார்த்தால் கலர் இருப்பதே தெரியக் கூடாது. மாஸ்க்கை அணைத்து அணைத்துப் போட்டால் மட்டும் வித்தியாசம் தெரிய வேண்டும். மோவாய்க்கு அடியில் இன்னும் குறைவாக. அவ்வளவுதான், மாலை சட்டையில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது மாலையின் கலரையே குறைப்பது. சுற்றிலும் சாம்பல் இருக்கும்போது எந்த நிறமும் இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும். ஆகவே ஒரு ஹ்யூ சாச்சுரேஷன் லேயரைப் பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு அடியில் வைத்து, சாச்சுரேஷனை 15 முதல் 20 வரை இறக்குங்கள். பலர் இந்த இடத்தில் ஏற்றுவார்கள், அதுதான் அந்தச் சாயம் போட்ட பார்வை வரக் காரணம். நம் மாலைகளில் ரோஜா மட்டும் இருப்பதில்லை. பச்சை மரிக்கொழுந்து இருக்கும், சம்பங்கி இருக்கும், ஜிகினாச் சரிகை இருக்கும். சிவப்பை நிறுத்தி, பச்சையைப் பாதியாக்கி, சரிகையைச் சாம்பலுக்கே விட்டுவிடுவது என் வழக்கம். சரிகைக்குக் கறுப்பு வெள்ளையில் வருகிற மின்னல் கலரில் வராது.

தண்ணீர் இருந்தால் வேலை இன்னும் சுவாரசியம். குறுக்குத்துறைப் படித்துறையில் சிவப்பு வாளி ஒன்று நிற்கிறது, அதன் நிழலுரு ஆற்றில் ஆடுகிறது. வாளிக்குக் கலர் கொடுத்து, தண்ணீரிலுள்ள வாளியைச் சாம்பலாக விட்டால் படம் பொய்யாகிவிடும். நிழலுருவுக்கும் கலர் வேண்டும், ஆனால் பாதி அளவுக்கு. அலை உடைகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். வாளியின் கீழ் ஈரக் கல்லில் ஒரு சிவப்புக் கசிவு இருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

இது கம்ப்யூட்டரோடு வந்த கலை இல்லை. 1839-இல் டாகுரோடைப் என்ற பழைய தகட்டுப் படம் உலகத்துக்கு வந்த சில வருடங்களிலேயே அதன்மேல் கையால் சாயம் தொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களிலும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் உதட்டுக்கும் பொட்டுக்கும் சேலைக் கரைக்கும் தூரிகையால் நிறம் ஏற்றினார்கள். பழைய வீடுகளில் அப்படிப்பட்ட படம் மாட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். சாயம் மெல்லியதாக இருக்கும், அதற்கு அடியில் போட்டோவின் நிழலும் வெளிச்சமும் அப்படியே தெரியும்.

எதற்கு வேண்டாம்

நிறம் படத்தில் எல்லா இடத்திலும் இருந்தால் இந்த முறை உதவாது. குலசேகரன்பட்டினம் தசராவில் கூட்டமே செவ்வாடையில் நிற்கும். அதில் ஒரு காளி வேடத்துக்கு மட்டும் சிவப்பை வைத்து, பக்கத்தில் நிற்பவரின் சிவப்பை எடுத்தால் அந்தத் திருவிழாவையே தப்பாகச் சொல்வதாகிவிடும். அதை முழுக் கலரில் விடுங்கள். தேரிக்காட்டுச் செம்மண்ணும் அப்படித்தான், பாதிப் படத்தை மண் அடைத்துக்கொண்டால் ஒரு நிறத்தை எடுத்துக்காட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்தமடையில் பாய் நெய்கிற அம்மாவின் கை, அவர் தறியில் கோர்க்கிற சாயமேற்றிய ஒற்றைச் சிவப்புக் கோரை. இதற்குச் செய்யலாம், செய்ய வேண்டும். கோரை, நூல், தரை, கை எல்லாம் சாம்பலின் பல படிகளாக இருக்க, அந்தச் சிவப்பு எங்கே போய் உட்காரப் போகிறது என்று பார்க்கிறவரின் கண் தொடர்ந்து போகும். நான் பார்க்கிற கணக்கு இதுதான்: கலரை எடுத்துவிட்டால் படம் சொல்வது மாறுகிறதா? மாறினால் வைக்கலாம். குழந்தையின் பாசிமணி, அழுகிற முகத்துக்குப் பக்கத்தில் பூ, நீலக் கண்ணாடிக் கார் என்று காரணமில்லாமல் வைப்பவை எதையும் மாற்றுவதில்லை. துக்க வீட்டுப் படத்தில் இதைச் செய்யச் சொல்லி யார் கேட்டாலும் நான் செய்வதில்லை.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது

திரையில் சுத்தச் சாம்பலாக இருந்தது கலர் லேபில் பச்சையோ மெஜந்தாவோ அடித்து வரலாம். கலர்ப் பேப்பரில் சாம்பலும் கலர்ச் சாயங்களைச் சேர்த்துத்தான் உண்டாகிறது, கொஞ்சம் சமநிலை தப்பினாலும் தெரிந்துவிடும். மிஷினின் ஆட்டோ கரெக்‌ஷன் வேறு, படத்தில் இருக்கிற ஒரே நிறத்தைப் பார்த்துக் குழம்பும். ஆகவே எஸ்ஆர்ஜிபி என்ற கலர் புரொஃபைலில் சேமித்து, 'கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடவும்' என்று ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். 12×36 ஆல்பம் ஷீட்டுக்கு 300 ரெசொல்யூஷனில் 3600×10800 பிக்சல் வேண்டும். அவ்வளவு பெரிதாகும்போது மாஸ்க்கின் ஓரத்தில் விட்டுப்போன ஒரு பொட்டுச் சிவப்புகூடத் தெரியும், அதனால் ஓரத்தை ஒரு சுற்று மறுபடி பார்த்துவிடுங்கள். முழு ஆல்பத்தையும் ஓட்டுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து 4×6 அளவுக்கு ஒரு துண்டு பிரிண்ட் போட்டு வாங்கி, டியூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்க்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பலில் நிறம் அடித்தால் அந்தத் துண்டையே லேப்காரரிடம் காட்டி, சரிசெய்த பிறகு மீதியைப் போடச் சொல்லலாம்.