ஆறு பட்டன், ஒன்பது கட்டம்: குழந்தைகளுக்குச் செஸ் சொல்லித்தர ஒரு வழி

சேலம் அம்மாபேட்டையில் எனக்கு ஒரு சின்ன தையல் கடை. சாயங்காலமானால் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கடைத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னை நேப்பியர் பாலத்துக்குக் கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்களுக்கு செஸ் தெரியுமாமே, சொல்லிக்குடுங்க" என்று வந்து நின்றார்கள்.

முதல் நாளே 32 காயையும் அடுக்கி வைத்து, யானை இப்படி, மந்திரி அப்படி, குதிரை இன்னொரு மாதிரி என்று ஒரே மூச்சில் சொன்னேன். ஒரு சிறுமி இரண்டு நாள் வந்தாள், மூன்றாம் நாள் வரவில்லை. அவள் அம்மா ரவிக்கை கொடுக்க வந்தபோது கேட்டேன். "எல்லாம் குழப்பமா இருக்குன்னு சொல்றா" என்றார். எனக்கு மனசு ஆறவேயில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் ஆறு வகைக் காயைத் திணித்தால் எப்படி ஏறும்?

அதற்கப்புறம் சிப்பாயை மட்டும் வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். அதுவும் ஆளுக்கு மூன்று போதும்.

புதுச் சட்டைக்குள் மடித்து வைத்து வருமே, அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இன்ச் அளவில் மூன்றுக்கு மூன்று, மொத்தம் ஒன்பது கட்டம் போடுங்கள். பெரிய கோட் பட்டன் வெள்ளையில் மூன்று, கருப்பில் மூன்று. பட்டன் இல்லாவிட்டால் புளியங்கொட்டையும் சோளமும் போதும். வெள்ளையைக் கீழ் வரிசையிலும் கருப்பை மேல் வரிசையிலும் வையுங்கள். நடு வரிசை காலி.

விதி இவ்வளவுதான். பட்டன் நேராக முன்னால் ஒரு கட்டம் போகும். எதிரே காய் இருந்தால் நகராது. வெட்டும்போது மட்டும் முன்பக்கம் சாய்வாக ஒரு கட்டம். பின்னால் வரவே வராது. வெள்ளைதான் முதலில் ஆடும். ஒரு பட்டன் எதிர் ஓரத்தைத் தொட்டுவிட்டால் வெற்றி. தன் முறை வரும்போது எந்தப் பட்டனையும் நகர்த்த வழியில்லாதவருக்குத் தோல்வி.

இந்தக் கடைசி விதியை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்கள். பதினைந்து ஆடு சேர்ந்து மூன்று புலியை அடைத்தால் ஆட்டுக்கு ஜெயம் என்று தெரியும். "அதே மாதிரி அடைக்கணும்" என்றால் போதும்.

குழந்தைக்குக் கருப்பைக் கொடுங்கள். இந்தக் குட்டி ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடுபவர் தப்பில்லாமல் ஆடினால் எப்போதும் ஜெயிக்கலாம். அதைச் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு ஆட்டத்தை முழுசாகச் சொல்கிறேன், ஆடிப் பாருங்கள். இடம் வலம் எல்லாம் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறபடி. நான் வெள்ளை, நடுப் பட்டனை ஒரு கட்டம் ஏற்றினேன். குழந்தை இடது கருப்பால் சாய்வாக வந்து அதை வெட்டியது. நான் என் இடது பட்டனால் திருப்பி வெட்டினேன். இப்போது எனக்கு நடுக் கட்டத்தில் ஒன்று, கீழே வலது மூலையில் ஒன்று. கருப்புக்கு மேல் வரிசையில் நடுவிலும் வலதிலும் ஒவ்வொன்று.

இந்த இடத்தில் எல்லாப் பிள்ளைகளின் கையும் வெட்டத்தான் போகும். வலது கருப்பால் என் நடுப் பட்டனை வெட்டலாம், வழி இருக்கிறது. ஆனால் வெட்டினால் என் கடைசிப் பட்டன் அதைத் திருப்பி வெட்டி, மிச்சமிருக்கும் கருப்பின் முகத்துக்கு நேராகப் போய் நின்றுவிடும். கருப்பு நகர முடியாது, தோல்வி. அதே வலது கருப்பை வெட்டாமல், நேராக ஒரு கட்டம் இறக்கிப் பாருங்கள். இரண்டு ஜோடியும் முட்டிக்கொண்டு நிற்கும். என் பட்டன் இரண்டும் அடைபட்டுவிடும்.

ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு, "வெட்டாமயே ஜெயிக்கலாமா அத்தை?" என்று கேட்டான். அன்று தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு அவனோடு இன்னும் ஆறு ஆட்டம் ஆடினேன். வெட்ட முடிகிறது என்பதற்காகவே வெட்ட வேண்டாம் என்பதைப் பெரியவர்களுக்கே பல மாதம் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஒன்பது கட்டத்தில் அது அரை மணி நேரத்தில் பிடிபடுகிறது.

இதைப் பிள்ளைகள் அலுக்கும்வரை ஆடட்டும். கருப்பு தோற்பதே இல்லை என்று ஒருநாள் அவர்களே சொல்வார்கள். அப்போது உண்மையான பலகையை எடுங்கள். ஆளுக்கு எட்டுச் சிப்பாய், வேறு காய் கிடையாது. முதல் தடவை நகரும் சிப்பாய் வேண்டுமானால் இரண்டு கட்டம் போகலாம். கடைசி வரிசையை முதலில் தொட்டவருக்கு வெற்றி. இங்கே அடைபட்டால் டிரா என்று மாற்றிவிடுங்கள். முழு செஸ்ஸில், ராஜாவுக்கு செக் (அடுத்த அடியில் வெட்டுப்படும் ஆபத்து) இல்லாமல், நகரவும் வழியில்லாமல் போனால் அது தோல்வி அல்ல, டிராதான். பின்னால் குழம்பாமல் இருக்க இப்போதே பழக்கிவிடுவது நல்லது.

இந்த ஆட்டத்தில் ஒன்றைத்தான் முக்கியமாகக் காட்ட வேண்டும். ஒரு சிப்பாய் முன்னேறிப் போகும் நேர்வரிசையிலும் அதற்கு இரண்டு பக்கத்து நேர்வரிசையிலும் எதிரிச் சிப்பாய் எதுவும் முன்னால் இல்லை என்றால், அந்தச் சிப்பாயைத் தடுக்க எந்தச் சிப்பாயாலும் ஆகாது. எங்கள் திண்ணையில் அதற்குத் 'தப்பிச்ச சிப்பாய்' என்று பெயர். இரண்டு பேருக்கும் தப்பிச்ச சிப்பாய் இருந்தால் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள்: உனக்கு எத்தனை அடி, எனக்கு எத்தனை அடி, இப்போது யார் முறை? முன்கூட்டி யோசிப்பது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, இந்த எண்ணிக்கைதான் அது.

அப்புறம் வாரத்துக்கு ஒரு காய் சேருங்கள். யானைக்கு எனக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளிடம், "பாவு வழியாவும் போகும், ஊடை வழியாவும் போகும்" என்பேன், உடனே புரிந்துவிடும். பாவு நெடுக ஓடும் இழை, ஊடை குறுக்கே ஓடும் இழை. மந்திரி குறுக்கே சாய்வாக. ராணிக்கு இரண்டும் சேர்த்து.

குதிரைக்குத்தான் நாள் பிடிக்கும். பலகையில் ஐந்து பட்டனை அங்கங்கே போட்டு, குதிரையைத் தாவவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளைக் கட்டத்திலிருந்து தாவினால் கருப்பில்தான் இறங்கும், கருப்பிலிருந்து தாவினால் வெள்ளையில். இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தப்பு குறையும். மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே வழி, நடுவில் நின்றால் எட்டு. இரண்டு இடத்திலும் வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஓரத்தில் குதிரையை ஏன் வைக்கக் கூடாது என்று கேட்காமலேயே புரிந்துகொள்வார்கள்.

ராஜா கடைசியில். செக், மேட் (செக்கிலிருந்து தப்ப வழியே இல்லாத நிலை) இரண்டையும் இரண்டு யானையை வைத்துக் காட்டுங்கள். ஒரு யானை ஒரு வரிசையை அடைக்கும், மற்றது அடுத்த வரிசையில் செக் வைக்கும். அப்படியே படிப்படியாகத் தள்ளிக்கொண்டு போனால் ராஜா ஓரத்தில் மாட்டும். இதற்குள் சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனால் ராணியாக மாறலாம் என்று சொன்னதும், அதற்காகவா இத்தனை நாள் ஓடினோம் என்று முகம் மலரும்.

காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் சேர்ந்து நகர்வது), கடந்து போகும் சிப்பாயை வெட்டுவது (இரண்டு கட்டம் தாண்டி நம் சிப்பாயின் பக்கத்தில் வந்து நிற்பதை வெட்டுவது) இரண்டையும் முன்னாலேயே சொல்ல வேண்டாம். ஆட்டத்தில் அந்த நிலை வரும்போது கையைப் பிடித்து நிறுத்தி, அங்கேயே காட்டுங்கள்.