புதிய வீடுகளுக்கு இடம் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வட்டாரத்தில் மக்கள்தொகை எவ்வளவு கூடும் என்பதை மட்டும் பார்த்து வீடுகளின் தேவையைக் கணக்கிடுவதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. பார்க்க வேண்டியது குடித்தனங்களின் எண்ணிக்கை. 10 லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் குடும்பத்துக்குச் சராசரியாக 5 பேர் என்றால் 2 லட்சம் வீடுகள் போதும். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவதாலும் முதியவர்கள் தனித்து வாழ்வதாலும் அந்தச் சராசரி 4 ஆகக் குறையுமானால், மக்கள்தொகை ஒருவர்கூடக் கூடாமலே மேலும் 50,000 வீடுகள் தேவைப்படும்.

நாட்டின் சராசரி வளர்ச்சியை எல்லா வட்டாரங்களுக்கும் அப்படியே பொருத்துவதும் தவறே. ஜப்பானின் மொத்த மக்கள்தொகை 2008-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்டுக் குறையத் தொடங்கிய பின்னும், டோக்கியோ பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே இருந்தது. 2023-இல் அந்நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. ஆள் குறைந்துவரும் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு, வேலைக்காக நகரம் வந்தவருக்கு எந்த வகையிலும் உதவாது.

இவை எல்லாவற்றையும்விடக் கேடு விளைவிப்பது, நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஓர் இடத்தைத் தேர்வதுதான். மெக்சிகோவில் கடனுதவியோடு நகரங்களின் விளிம்புக்கும் அப்பால் வீடுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டன. 2010 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் தொலைவே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் தொலைவின் சுமையைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம் என்றால், 25 வேலைநாள் கொண்ட மாதத்தில் 75 மணி நேரம் வழியிலேயே போய்விடும். மனையில் மிச்சம் பிடித்த பணம் பயணச் செலவாகவும், நீண்ட குடிநீர், கழிவுநீர்க் குழாய்களுக்கான செலவாகவும் மெல்ல மெல்லக் கரைகிறது.

வெறுமையாகத் தெரியும் நிலம் பயனற்ற நிலம் என்று கருதிவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வறண்டே கிடப்பவை. பெருவெள்ளத்தின்போது அவற்றில் நீர் பரவக்கூடிய நிலம் முழுவதையும் அரசு கையகப்படுத்தாததால், எஞ்சிய பகுதியில் குடியிருப்புகள் எழுந்தன. 2017-இல் ஹார்வி புயல் கொட்டிய மழையில் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

பிரேசிலின் குரிடிபா நகரம் 1970-களில் வேறு வழியை எடுத்தது: பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்து, அதன் இருபுறமும் உயரமான அடுக்குமாடிகளை அனுமதித்தது. நகரத்துக்குள்ளேயே நெருக்கமாகக் கட்டுவதுதான் பெரும்பாலும் சிறந்த வழி என்பது என் கருத்து. எனினும் இருக்கும் கழிவுநீர்க் குழாய் கூடுதல் வீடுகளைத் தாங்குமா என்பதை அனுமதி தரும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

வீடுகள் நிரம்பட்டும், பேருந்தை அப்புறம் விடலாம் என்று தள்ளிப்போடுவதும் கூடாது. முதலில் குடிவரும் குடும்பங்கள் பேருந்து இல்லாததால் வண்டி வாங்கிவிடுகின்றன. பிறகு வரும் பேருந்து காலியாக ஓடுகிறது, ஆள் இல்லை என்ற காரணத்தைக் காட்டி அதுவும் நிறுத்தப்பட்டுவிடுகிறது.