பழைய பீங்கான் பெண் தலையைச் சுத்தம் செய்வது எப்படி?

கொண்டையும் முத்துமாலையுமாக ஒரு பழைய பீங்கான் பெண் தலை உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? உடனே பைப்பின் கீழே பிடித்துவிடாதீர்கள். இப்படியான பொருட்களைக் காலம் கெடுப்பதைவிட அவசரக் கழுவல்தான் அதிகம் கெடுக்கிறது என்பது என் எண்ணம்.

1. முதலில் பாருங்கள். மேசையில் தடித்த துவாயை விரித்து, கழுத்தில் பிடிக்காமல் இரண்டு கையாலும் அடியோடு தூக்கி வையுங்கள். அடிப்பக்கம் திறந்திருந்தால் உள்ளே ரோச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கருங்கோடாகத் தெரியலாம். முன்பு யாராவது ஒட்டியிருந்தால் தண்ணீர் காட்டவே வேண்டாம், பழைய பசை இளகிவிடும்.

அடியில் குறுக்கு வாள் முத்திரை இருந்தால் அது ஜேர்மனியின் மைசன் தொழிற்சாலையுடையது. 1710இல் தொடங்கிய இடம். ஆனால் அந்த முத்திரையைப் பலர் நகல் செய்திருக்கிறார்கள், அதை மட்டும் நம்பி விலை பேசாதீர்கள். உச்சந்தலையில் பூச்செருகும் துவாரம் இருந்தால், பெரும்பாலும் 1950கள் அளவில் ஜப்பானில் செய்த பூச்சாடி.

2. தூசி. மென்மையான ஓவியத் தூரிகை போதும். மூக்கோரம், காது மடல், கூந்தல் சுருள் என்று மேலிருந்து கீழாக வாருங்கள். துணி வேண்டாம், சுருளில் சிக்கினால் நுனி உடையும்.

3. ஈரம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளை படியும். அதனால் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள். அதில் ஒரு துளி மென்மையான திரவச் சவர்க்காரம் விட்டு, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் உருட்டுங்கள். கன்னச் சிவப்பு, உதடு, பொன்கரை மூன்றையும் தொடாதீர்கள். அடிப்படைப் பீங்கான் 1,300 பாகை செல்சியஸ் அளவில் சுட்டது. இந்த நிறங்களோ பிறகு மேலே தீட்டி, ஏறத்தாழ 800 பாகையிலோ அதற்குக் குறைவாகவோ சுட்டவை, எளிதில் தேய்ந்துபோகும். பித்தளைக்குப் போடுவதுபோலத் தேசிக்காயோ புளியோ போட்டால் அந்த நிறங்களைப் புளிப்பு அரிக்கும். பிளீச்சும் கூடாது.

முகம் பளபளப்பில்லாமல் மாவுபோல இருந்தால் அது மெருகு பூசாத பீங்கான். அழுக்கை எளிதில் பிடிக்கும், கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

4. வைக்குமிடம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலோரம் கூடாது, திரைச்சீலை தட்டிவிட்டால் சரி, கதை முடிந்தது. உட்பக்கம் வெறுமையாக இருந்தால், சின்னத் துணிப்பையில் காய்ந்த ஆற்று மணலைக் கட்டி அடியில் வையுங்கள், சரியாமல் நிற்கும். கடல் மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.