கறிவேப்பிலையில் புழுவா? மருந்தை வைத்துவிட்டு ஒரு டப்பாவை எடுங்கள்

தொட்டியில் கறிவேப்பிலை வைத்திருக்கும் எல்லோர் வீட்டிலும் ஒருநாள் இது நடக்கும். ரசத்துக்குத் தாளிக்க ரெண்டு இணுக்கு கிள்ளப் போவீர்கள், நேற்றுவரை தளதளவென்று இருந்த கொழுந்து மொட்டையாக நிற்கும், இலைமேல் குருவி எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கும், தட்டிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனால் அந்த எச்சம் மெதுவாகத் தலையைத் தூக்கும். எங்கள் வீட்டில் அம்மா அதைச் செருப்பால் நசுக்குவார், நான் வேப்பெண்ணெய் அடிப்பேன். இப்போது ரெண்டு பேருமே அதைச் செய்வதில்லை. பிடித்து வளர்த்து, வண்ணத்துப்பூச்சியாக்கி, பால்கனியிலிருந்து பறக்கவிடுகிறோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். அதுதான் கஷ்டம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் கறிவேப்பிலைக்கு வருவது பெரும்பாலும் ரெண்டு பேர், கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் எதில் வேண்டுமானாலும் முட்டையிடும். தாய்ப்பூச்சி இலைமேல் முன்னங்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும், நாம் நாக்கால் செய்வதை அது காலால் செய்கிறது, சரியான செடிதான் என்று ருசி சொன்னால் கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒரே ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். உடம்பெல்லாம் முடி இருந்தால் அது கம்பளிப்பூச்சி, முருங்கையில் வருகிற சாதி, பட்டால் தடித்துப் போகும், அதைத் தொடாதீர்கள். நம் புழு வழவழவென்று இருக்கும், தொட்டால் ஒன்றும் ஆகாது.

டப்பாவுக்கு பிரியாணி வாங்கி வந்த பிளாஸ்டிக் டப்பா போதும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். சின்னப் புழுவுக்குச் சரி. பெரிதானதும் குறைந்தது ஒரு சாண் உயரமாவது வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாயில் பழைய கொசுவலைத் துண்டைப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுங்கள், அடியில் ஒரு செய்தித்தாள். எறும்பு வரும் வீடு என்றால் பால் பாத்திரத்துக்குச் செய்வதுபோலத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் டப்பாவை வைத்துவிடுங்கள். வெயில் நேராக விழக் கூடாது, ஃபேனுக்கு அடியிலும் வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: கடையில் வாங்கிய கறிவேப்பிலையைப் போடாதீர்கள். கழுவித்தானே போடுகிறோம் என்று ஒருமுறை போட்டேன், மூன்று புழுவும் மறுநாள் காலையில் சுருண்டு கிடந்தன. அந்த இலையில் மருந்து இருந்திருக்க வேண்டும், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடி இலைதான் நல்லது. பறித்த இணுக்கின் காம்பை ஈரப் பஞ்சில் சுற்றிவைத்தால் ஒரு நாள் வாடாமல் இருக்கும். தண்ணீர் பாட்டிலில் செருகுவதாக இருந்தால் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு காம்பு வழியாகவே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். குடிக்கத் தனியாகத் தண்ணீர் வைக்க வேண்டாம், இலையில் இருப்பதே அதற்குப் போதும். தினமும் புழுக்கையைத் தட்டிப் பேப்பரை மாற்றுங்கள், ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் புழுவும் போய்விடும்.

செடி போய்விடுமே என்பதுதான் அம்மாவின் கவலையாக இருந்தது. நியாயம்தான், ஒரு சாண் உயரக் கன்றில் நாலு புழு இருந்தால் குச்சிதான் மிஞ்சும். அந்த மாதிரி நேரத்தில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பக்கத்து வீட்டுப் பெரிய மரத்துக்கோ எலுமிச்சைக்கோ மாற்றிவிடுங்கள். இடுப்புயரம் வளர்ந்த செடி என்றால் கவலையே வேண்டாம், கறிவேப்பிலை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் செடி, கிள்ளுவது நாமா புழுவா என்று அதற்குத் தெரியாது.

நாலு முறை தோல் உரிக்கும். உரிக்கப்போகும் முன் சாப்பிடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், செத்துவிட்டதோ என்று நோண்டாதீர்கள். ஐந்தாவது கட்டத்தில் எச்ச வேஷத்தைக் களைந்துவிட்டுப் பளிச்சென்ற பச்சைக்கு மாறும், முன்பக்கம் ரெண்டு கண் மாதிரி புள்ளி இருக்கும். அது கண்ணே இல்லை, குட்டிப் பாம்பு என்று பறவை பயப்படட்டும் என்பதற்கான ஏமாற்று வேலை, நிஜத் தலை அதற்குக் கீழே ஒடுங்கியிருக்கும். இந்த நேரத்தில் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் பாம்பு நாக்குபோல ரெட்டைக் கொம்பை நீட்டும், கூடவே ஒரு காட்டமான நாற்றம். பிள்ளைகளுக்குக் காட்ட ஒருமுறை சீண்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

பிறகு ஒருநாள் திடீரென்று தண்ணியாகக் கழிந்துவிட்டு டப்பா முழுக்கக் கிறுக்குப் பிடித்த மாதிரி ஓடும். நோய் என்று நினைத்து முதல்முறை நான் பயந்துபோனேன். வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கூடாக மாற இடம் தேடுகிறது, அவ்வளவுதான். அப்போது உள்ளே சாய்வாக ஒரு குச்சி இருக்க வேண்டும். வாலை ஒரு பட்டுப் பொட்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு இழையைக் கட்டிக்கொண்டு, தென்னை ஏறுகிறவர் இடைக்கயிற்றில் சாய்ந்திருப்பதுபோலச் சாய்ந்துகொள்ளும். மறுநாள் கூட்டுப்புழு. பச்சைத் தண்டில் கட்டியது பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் கட்டியது பழுப்பாகவும் இருக்கும். தப்பித்தவறி இழை அறுந்து விழுந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், காகிதத்தைக் கடலை மடிக்கிற கூம்பாகச் சுருட்டிச் சுவரில் ஒட்டி, தலை மேலே இருக்கிற மாதிரி அதற்குள் நிறுத்திவையுங்கள், அதிலிருந்தே வெளியே வந்துவிடும்.

இனி எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஒன்றும் செய்யக் கூடாது. சில சமயம் கூட்டில் சின்ன ஓட்டை விழுந்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகக் கொசுவைவிடச் சின்னக் குளவிகள் டஜன் கணக்கில் வரும். நீங்கள் செய்த தப்பில்லை, ஏதோ ஒரு குளவி முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும். முட்டையாக இருக்கும்போதே உள்ளே கொண்டுவந்தால் இது குறையும். எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது ஜன்னலைத் திறந்து அவற்றையும் விட்டுவிடுகிறேன், அவையும் பிழைக்க வந்தவைதானே.

கூடு கறுத்து உள்ளே இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலையில் சீக்கிரம் எழுந்திருங்கள், பெரும்பாலும் விடிந்து கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடும். நான் முதலில் கெடுத்தது இந்த இடத்தில்தான். வெளியே வரும்போது இறக்கை நனைந்த துணிபோலச் சுருங்கியிருக்கும், தொங்கியபடியே உடம்பிலுள்ள நீரை இறக்கைக்குள் ஏற்றி விரிக்க வேண்டும். என் பிரியாணி டப்பாவில் தொங்க உயரம் போதவில்லை, இறக்கை தரையில் மடங்கி அப்படியே காய்ந்துபோனது, அது பறக்கவே இல்லை. ஒரு சாண் உயரம் என்று சொன்னது இதற்காகத்தான். வெளிவரத் திணறினாலும் கூட்டைப் பிரித்து உதவாதீர்கள், இறக்கையை நீவிவிடாதீர்கள். செம்பழுப்பாகச் சில சொட்டு விழும், ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

கறுப்பில் சிவப்புப் புள்ளியோடு வந்தால் வேறு பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகியில் சில பெண்கள், ஆடுதீண்டாப்பாளை தின்று வளர்ந்து உடம்பில் விஷம் சேர்த்துக்கொண்ட ரோஜா வண்ணத்துப்பூச்சியின் வேஷத்தில்தான் வருவார்கள், பறவை தொடாது என்பதற்காக. (2019இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் வேண்டும் என்று என் பெண் கேட்டாள். அவர் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர், நம் பால்கனிக்கெல்லாம் வரமாட்டார்.)

ரெண்டு மூன்று மணி நேரம் காய்ந்ததும் தானே படபடக்கத் தொடங்கும். குச்சியோடு எடுத்து இட்லிப்பூ, உண்ணிச்செடி எதிலாவது வைத்துவிடுங்கள். மழை கொட்டினால் மறுநாள் காலைவரை டப்பாவிலேயே இருக்கட்டும், ஒருநாள் பட்டினி அதற்குத் தாங்கும், சர்க்கரைத் தண்ணீரை வாயில் வைத்துத் தொந்தரவு செய்யாதீர்கள். அப்புறம், டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அதே வாரத்தில் மறுபடி முட்டை இருக்கும்.