எக்ஸ்டென்ஷன் தடுத்துவிட்டதா? அவசரத்தில் நடக்கும் தவறுகள்

வீடியோ வர வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம் நிற்கிறது. லாகின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை. இணையத்தில் நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுக்க பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சிதான். உடனே பலர் எக்ஸ்டென்ஷனையே நீக்கிவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த விதிகளும் அமைப்புகளும் கூடவே போய்விடும்.

அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்தினால் போதும். யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு எக்ஸ்டென்ஷனில் தெரியும் பெரிய பவர் பட்டன் எக்ஸ்டென்ஷன் முழுவதையும் அணைத்துவிடும் என்று நினைத்து அதைத் தொடவே தயங்குகிறார்கள். அது அணைப்பது அப்போது திறந்திருக்கும் தளத்துக்கு மட்டும்தான். அழுத்திய பிறகு பக்கத்தை ரீலோட் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு, ‘அணைத்தும் சரியாகவில்லை, அப்படியானால் காரணம் வேறு’ என்று முடிவுகட்டிவிடுபவர்கள் நிறைய.

என் கணக்கில், அதிகம் ஏமாற்றுவது இன்காக்னிட்டோ (தனிப்பட்ட விண்டோ) சோதனைதான். அங்கே தளம் ஒழுங்காகத் திறந்தால் பழி எக்ஸ்டென்ஷன் மேல் விழுகிறது. நாம் அனுமதி தந்தாலொழிய எக்ஸ்டென்ஷன்கள் அந்த விண்டோவில் ஓடாது என்பது உண்மை. ஆனால் பழைய குக்கிகளும் (தளங்கள் நம் பிரவுசரில் சேமித்துவைக்கும் சிறு குறிப்புகள்) அங்கே இருக்காது, நீங்கள் லாகின் செய்த நிலையிலும் இருக்க மாட்டீர்கள். கெட்டுப்போன ஒரு குக்கிதான் காரணம் என்றாலும் விடை இதேபோலத்தான் வரும். ஆகவே சாதாரண விண்டோவிலேயே எக்ஸ்டென்ஷனை மட்டும் நிறுத்திப் பாருங்கள். குக்கியைத் துடைப்பது, விபிஎன்னை அணைப்பது, பிரவுசரை அப்டேட் செய்வது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தால் எது கைகொடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

இரண்டு மூன்று தடுப்பான்களை ஒன்றாக ஓட்டுவது இன்னொரு தலைவலி. ஒன்றில் அனுமதித்ததை மற்றொன்று தடுத்துக்கொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸிலும் பிரேவிலும் பிரவுசருக்குள்ளேயே தடுப்பு இருக்கிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எது தடுபடுகிறது என்று பார்க்க, குரோமில் எஃப்12 அழுத்தி, பக்கத்தின் பிழைச் செய்திகளைக் காட்டும் கன்சோலைத் திறக்கலாம். ‘பிளாக்டு பை கிளையன்ட்’ (உங்கள் பிரவுசரிலேயே தடுக்கப்பட்டது) என்று சிவப்பு வரிகள் நிற்கும். எல்லாமே சிக்கல் அல்ல. பெரும்பாலானவை தடுக்கப்பட வேண்டிய டிராக்கர்களே. தேட வேண்டியது வேலை செய்யாத பகுதியோடு தொடர்புள்ள முகவரியை. ‘நான் ரோபோ அல்ல’ கட்டம் வரவில்லையா? அதைக் காட்டும் ரீகேப்ட்சா கூகுளின் முகவரியிலிருந்தும் அதே நிறுவனத்தின் ஜிஸ்டேட்டிக் முகவரியிலிருந்தும் வருகிறது, அங்கே பாருங்கள்.

கண்டுபிடித்ததும் அந்த முகவரியை எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடுவதுதான் பெரிய தவறு. யூபிளாக் ஆரிஜினின் மேம்பட்ட பலகையில் விதிக்கு இரண்டு பத்திகள் உண்டு. முதல் பத்தி எல்லாத் தளங்களுக்கும், இரண்டாவது இந்தத் தளத்துக்கு மட்டும். இரண்டாவதில் குத்துங்கள். சரியாக வந்தால் பூட்டுக் குறியை அழுத்திச் சேமியுங்கள், அதுவரை அது தற்காலிகம்தான். குரோமில் இப்போது கிடைக்கும் யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய வடிவத்தில் இந்தப் பலகை கிடையாது. பழைய வழிகாட்டியை வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்பாக, எதைத் தடுக்க வேண்டும் என்று சொல்லும் ஃபில்டர் பட்டியல்களை அப்டேட் செய்துவிடுவது நல்லது. நீங்கள் பார்க்கும் கோளாறை வேறு யாரோ சொல்லி, அது ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கலாம்.

பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றால் மட்டும் இந்த ரீலோட் வித்தைகளைக் காட்டாதீர்கள். கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புகார் அனுப்ப யூபிளாக் ஆரிஜினிலும் பிரைவசி பேட்ஜர் என்ற இன்னொரு தடுப்பானிலும் அதற்கென்றே பட்டன் இருக்கிறது. ‘சைட் ஓப்பன் ஆகல’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. பக்கத்தின் முழு முகவரி, எந்த பட்டன் வேலை செய்யவில்லை, எந்த பிரவுசர், கூடவே ஓடும் மற்ற தடுப்பான்கள் எவை என்பதையும் எழுதி அனுப்புங்கள்.