பழைய பீங்கான் சேகரிப்பு: குரோக்கஸில் தொடங்கலாம்

கையால் தீட்டிய பழைய பீங்கான் சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: பாத்திரத்தைத் திருப்பி முத்திரையைத் தேடும் முன், தூரிகை போன தடத்தைப் பாருங்கள். முத்திரையைப் போலியாகப் போட்டுவிடலாம். பழகிய கையின் வேகம் அவ்வளவு எளிதில் வராது.

படி 1: ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டதையெல்லாம் வாங்கினால் கண் பழகாது. என் தேர்வு, இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் கிளாரிஸ் கிளிஃப் என்ற பீங்கான் வடிவமைப்பாளர் 1928-ல் உருவாக்கிய குரோக்கஸ் பூ வேலைப்பாடு. 1960-கள் வரை தயாரானதால் இன்றும் ஏலங்களில் அடிக்கடி கிடைக்கிறது. அவருடைய அரிய நிலக்காட்சி வகைகளைவிட விலையும் குறைவு.

படி 2: தீட்டிய விதத்தைப் படியுங்கள். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆரஞ்சு, நீலம், ஊதா இதழ் ஒவ்வொன்றும் கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் வந்தது. பிறகு பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்து, பூக்களுக்கு நடுவே மெல்லிய பச்சைக் கோடுகளாக இலைகளை இழுத்தார்கள். மேலே மஞ்சள் பட்டை வெயில், கீழே பழுப்புப் பட்டை மண். இழுப்பு தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் வண்ணத்தின் அடர்த்தி மாறுவது தெரியும். எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் அதுதான்.

படி 3: விரலால் தடவுங்கள். பளபளப்புப் பூச்சின் மேல் எனாமல் வண்ணம் தீட்டி மறுபடி சூளையில் வைத்தது என்பதால் கோடுகள் லேசாக மேடு தட்டும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு.

படி 4: இப்போது முத்திரை. ‘பிசார்’ (Bizarre) என்ற அவருடைய வரிசையின் பெயரும் கிளாரிஸ் கிளிஃப் கையெழுத்தும் நியூபோர்ட் அல்லது வில்கின்சன் ஆலையின் பெயரும் இருக்கும். கையெழுத்து இருப்பதால் அவரே தீட்டினார் என்று நினைக்காதீர்கள். தீட்டியவர்கள் ‘பிசார் பெண்கள்’ என்று அழைக்கப்பட்ட இளம் தொழிலாளர்கள். அவர்கள் கைவண்ணத்துக்கும் சேர்த்துத்தான் நாம் விலை கொடுக்கிறோம். வெளிறிய வண்ணம், திட்டுத் திட்டான பூச்சு இரண்டும் சேர்ந்திருந்தால் போலியாக இருக்கலாம், விலகிவிடுங்கள். வெட்ஜ்வுட் என்ற பீங்கான் நிறுவனம் பிற்காலத்தில் செய்த மறுபதிப்புகள் போலி அல்ல, ஆனால் பழையவையும் அல்ல.

படி 5: சேதம் பாருங்கள். மூக்கு, கைப்பிடி, விளிம்பு மூன்றும் முக்கியம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், ஒட்டிப் பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். விற்பவரிடம் “ரிப்பேர் ஏதாவது செய்திருக்கிறதா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

படி 6: பராமரிப்பு. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி போதும். பாத்திரம் கழுவும் மெஷின் வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அமிலம் எனாமலை அரிக்கும். உணவும் பரிமாற வேண்டாம்.

முதல் வாங்கலுக்கு, பட்டைகள் தேயாத சிறிய தட்டு ஒன்று போதும். டீபாட் அப்புறம் வாங்கலாம்.